ரெட்டவேம்பின் கரையாத கமர்கட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. வாயில் ஏதாவது கிடந்தால் மென்று விழுங்கிவிட்டு உட்காருங்கள், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறபோது வாயில் ஒன்று கிடந்தால் அது கரையாமலே நின்றுபோகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு.

ரெட்டவேம்பு என்று ஓர் ஊர். ஊரை நட்டநடுவாக வகுந்துகொண்டு தண்டவாளம் போகும், தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு ரயில்வே கேட்டு, கேட்டுக்குக் கிழக்கே கொண்டல்சாமியின் மிட்டாய்க் கடை, மேற்கே அவர் கூடப்பிறந்த தங்கச்சி சொர்ணத்தாயின் மிட்டாய்க் கடை. இரண்டு கடையிலும் ஒரே சரக்கு, கமர்கட்டு. ஒரே தோப்புத் தேங்காய், ஒரே சந்தை வெல்லம், ஒரே சுக்கு, ஒரே ஏலக்காய், சொல்லிக்கொடுத்த அப்பனும் ஒரே அப்பன். ஆனால் பாகை எப்போது இறக்குவது என்கிற இடத்தில் அண்ணனும் தங்கச்சியும் பிரிந்தார்கள், பிரிந்தவர்கள் பிரிந்தவர்கள்தான்.

கொண்டல்சாமி லேசில் இறக்க மாட்டார். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும், அடுத்த தெருவில் படுத்திருக்கிற நாய் தலையைத் தூக்க வேண்டும், அப்போதுதான் சட்டி அடுப்பை விட்டு இறங்கும். சொர்ணத்தாயோ, துளி விரல்களுக்கு நடுவில் கூச்சப்படுகிற பிள்ளை மாதிரி நெளிகிறபோதே இறக்கிவிடுவாள். எங்கப்பா இப்படித்தான் எடுப்பார் என்று அவர் சொல்வார், எங்கப்பா இப்படித்தான் எடுப்பார் என்று இவளும் சொல்வாள். செத்துப்போன மனிதர் அடுப்பை மறந்து பேசிக்கொண்டிருந்த நாளில் கல்லாகவும், ஞாபகம் இருந்த நாளில் ஜவ்வாகவும் எடுத்தவர் என்பது ஊருக்கே தெரியும். அதை அவர்கள் இருவரிடமும் சொல்லத்தான் ஆள் இல்லை.

கொண்டல்சாமியின் கமர்கட்டை வாயில் போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி, கோபித்துக்கொண்டு வந்த சம்பந்தி மாதிரி சும்மா கிடக்கும். நாக்கு போய் வருந்தி வருந்தி அழைத்த பிறகுதான் சுக்கின் உறைப்பு எட்டிப் பார்க்கும், அதற்குப் பின்னால் அடுப்புப் புகையின் வாசம், அதற்கும் பின்னால் வெல்லம். அவசரப்பட்டுக் கடித்தவன் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். சொர்ணத்தாயுடையது அப்படியில்லை, வாசலிலேயே நின்று கதை பேசத் தொடங்கிவிடும். ஏலக்காயும் வெல்லமும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடி வரும், தேங்காய்ப்பூ பல்லிடுக்கில் போய் இடம் பிடித்து உட்காரும், கடைவாய்ப் பல்லைப் பிடித்ததென்றால் ஊருக்குப் புறப்பட்ட அம்மாவின் முந்தானையைப் பிடித்த பிள்ளை மாதிரி விடவே விடாது.

ஆகவே ஊரில் கிழக்கே இருந்தவர்கள் கல்லுக்காரர்கள், மேற்கே இருந்தவர்கள் ஜவ்வுக்காரர்கள். கல்லுக்காரர்கள் நறுக்கென்று இரண்டு வார்த்தை பேசி நிறுத்துவார்கள், ஜவ்வுக்காரர்கள் "வந்தேன்" என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் போய்விடலாம். பெண் பார்க்க வந்தால்கூட, பிள்ளை எந்தப் பக்கத்துக் கமர்கட்டு தின்பான் என்று கேட்டுவிட்டுத்தான் காப்பித் தண்ணி கொடுப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் கொண்டல்சாமியின் மகள் வேலுத்தாய்க்கும் சொர்ணத்தாயின் மகன் தவசிக்கும் கல்யாணம் பேச வேண்டியதாயிற்று. மாமன் மகள், அத்தை மகன், முறை தவறாத சம்பந்தம். அதற்கும் மேலே, கேட்டு மூடியிருக்கிற நேரமெல்லாம் இவள் இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமும் நின்று கண்ணாலேயே பேசிப் பேசி, நடுவில் ஓடுகிற ரயிலுக்குக்கூட வெட்கம் வந்திருக்கும். கட்டினால் இவனைத்தான், இல்லையென்றால் யாரையும் இல்லை என்று வேலுத்தாய் அப்பனிடம் நறுக்கென்று சொல்லிவிட்டாள், கல்லுக்காரர் மகள் அல்லவா.

அந்த ஊரில் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வழக்கம். தாம்பாளத்தில் வைத்த கமர்கட்டை வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு மட்டும் பெரியவர்கள் தங்கள் கையால் ஊட்ட வேண்டும். போட்டது தானாகக் கரைகிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது, கடிக்கக் கூடாது. துப்பினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். கடைசி வாய் காலியானதும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே மூச்சில் "சம்மதம்" என்று சொல்ல வேண்டும், வாய் காலியானதற்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் வேறு பேச்சு எடுக்கக் கூடாது. முகூர்த்தக்கால் ஊன்றுகிற நாளுக்குள் அந்தச் சொல் வராவிட்டால் அந்தச் சம்பந்தம் முறிந்தது முறிந்ததுதான், மறுபடி கேட்க முடியாது.

எல்லாம் சரி, தாம்பாளத்தில் யார் கமர்கட்டை வைப்பது? பெண்ணைப் பெற்றவன் நான் என்றார் கொண்டல்சாமி. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான் என்றாள் சொர்ணத்தாய். பேச்சு முற்றி, தாம்பாளம் இரண்டு கைக்கும் நடுவில் ஆடி, தேங்காய் உருண்டு விழுந்தபோது, கேட்டு கீப்பர் பரமகுருதான் வந்து விலக்கினார். அவர் வெளியூர்க்காரர், தண்டவாளத்தின் மேலேயே குடியிருக்கிறவர், கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை. இரண்டையும் வைங்க, வலது கன்னத்துல அண்ணனுது, இடது கன்னத்துல தங்கச்சியுது, முடிஞ்சது வழக்கு என்றார். நல்ல யோசனைதான், கொண்டல்சாமி வாயை மூடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால்.

"ரெண்டுல எது கடைசிவரை வாயில நிக்குதோ, அதுதான் கல்யாணத் தாம்பாளத்துல," என்றார்.

"நிக்கட்டும். பாப்போம்," என்றாள் சொர்ணத்தாய்.

கல்லுக்கு நிற்பது பழக்கம், ஜவ்வுக்குப் பிடிப்பது பழக்கம். ஊர் மொத்தமும் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அந்த நேரம் பாசஞ்சர் வண்டி வர, பரமகுரு கேட்டைச் சாத்தப் போனார். சாத்தித் திறந்துவிட்டு வந்து பார்த்தால் தாம்பாளம் காலி. அதனால் அவர் ஒருவர் வாயில் மட்டும் ஒன்றும் இல்லை.

உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், வெயில் வேம்புக்கு அந்தப் பக்கம் இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்தார்கள். கமர்கட்டு கரையவில்லை. வலதில் போட்டது போட்டபடி, இடதில் போட்டது போட்டபடி. இரண்டும் எதிர்க்கன்னத்தைப் பார்த்துக்கொண்டு, நீ போ முதலில், நீ போனால் நான் போகிறேன் என்று நின்றன. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அரிசி ஊறப்போட வேண்டும், எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அவரவர் கன்னத்தோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோதும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. இருக்கட்டும் என்று ஊர் பழகிக்கொண்டது. நீர்க்கஞ்சியை இரண்டு கமர்கட்டுக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டி விடுகிற மாதிரி விட்டு விழுங்கக் கற்றுக்கொண்டார்கள். கருவாட்டுக் குழம்பு பாயசமாக இனித்தது, உப்பு போட்டும் பயனில்லை என்று உப்பு வாங்குவதை விட்டார்கள். படுத்தால் எறும்பு சாரை சாரையாகத் தலையணை ஏறிக் கன்னத்துக்கு வந்து கதவு தட்டியது, ஆகவே தலையணையைச் சுற்றி மஞ்சள்பொடியில் கோடு போட்டுக்கொண்டு படுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் பேசவில்லை, பிள்ளைகளும் பேசவில்லை, அந்த வருஷம் கணக்குப் பாடம் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் பாத்திரச் சத்தத்தோடு முடிந்தன. குழாயடியில் தகராறு என்றால் இரண்டு பெண்களும் பரமகுருவின் கேட்டுக்கு வந்து கையை ஆட்டிக் காட்டுவார்கள், அவர் இவளுக்காக அவளையும் அவளுக்காக இவளையும் மாறி மாறித் திட்டி, தன் பேச்சுக்குத் தானே பதில் சொல்லி, தொண்டை கட்டி, சுக்குத்தண்ணி குடித்துவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்கள் கன்னத்தைப் பார்த்து, ரெட்டவேம்பு முழுக்கப் பொன்னுக்குவீங்கி கண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். அந்த நோய்க்குக் கழுத்தில் பொன் போட்டால் வடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? கல்யாணம் ஆன நாளிலிருந்து பெட்டிக்குள்ளேயே கிடந்த சங்கிலியை எல்லாம் பெண்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், புருஷன்மாரால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ் அம்மா ஒவ்வொரு வாயாக டார்ச் அடித்துப் பார்த்து, இது மிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது எங்களுக்கும் தெரியும் என்று ஊர் தலையாட்டியது.

ஊர் பழகிக்கொண்டது. வேலுத்தாயால் பழகிக்கொள்ள முடியவில்லை. முகூர்த்தக்கால் ஊன்றும் நாள் நெருங்கி, நாளை என்கிற அளவுக்கு வந்து நின்றது. அப்பன் கிழக்குக் கடையில் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அத்தை மேற்குக் கடையில் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் நடுவில் நாக்கை மதில்சுவர் மாதிரி நிறுத்தி, ஒன்று மற்றொன்றைத் தொடாமல் காவல் காத்தார்கள். மகள் கல்யாணம் நின்றாலும் மிட்டாய் நிற்க வேண்டும் என்று அப்பன் இருப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது, கோபம் தீர்ந்ததும் யோசனை வந்தது.

தன் வாயில் இருப்பதை நாக்கால் ஒன்றை மாற்றி ஒன்று தொட்டுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பாகு வாசத்தில் வளர்ந்தவள், கண்ணைக் கட்டி விட்டாலும் தங்கள் கடைக் கமர்கட்டு எது என்று சொல்லக்கூடியவள். அவளுக்கே இப்போது தெரியவில்லை. எச்சிலில் ஊறி ஊறிக் கல்லின் மேல்தோல் ஜவ்வுபோல இளகியிருந்தது, ஜவ்வின் மேல்தோல் கல்போல இறுகியிருந்தது. சுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது, ஏலக்காய் அந்தப் பக்கம் போயிருந்தது. உள்ளே எது கல், எது ஜவ்வு என்பதைக் கடித்தால்தான் தெரியும், மற்றபடி வலது, இடது என்ற பெயர் மட்டும்தான் பாக்கி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டும் வீம்புக்கு நிற்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் கேட்டு மூடியிருந்தபோது தவசி தன் லோடு வண்டியோடு அந்தப் பக்கம் வந்து நின்றான். வேலுத்தாய் கீழே கிடந்த இரண்டு ஜல்லிக் கற்களை எடுத்து, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று காட்டினாள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பொத்திக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி, கையை விரித்து, எது எது என்று புருவத்தைத் தூக்கினாள். தவசி தலையைச் சொறிந்தான். அவள் அவனுடைய வண்டியைக் காட்டினாள், தண்டவாளத்து மேட்டைக் காட்டினாள். அந்த மேட்டில் ஏறி இறங்கினால் குடல் வாய்க்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் என்பது ஊர் அறிந்தது. அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. பார்த்துக்கொண்டிருந்த பரமகுரு, நான் ஒண்ணும் பாக்கல என்று சொல்லிவிட்டு, அடுத்த ரயிலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொன்னார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் வேலுத்தாய் கேட்டடியில் தொப்பென்று விழுந்தாள். கிழக்கிலிருந்து அப்பன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார், மேற்கிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள். தவசி, ஊரில் குட்டியானை என்று சொல்கிற தன் சின்ன லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் கிடந்த தேங்காய்நார் மூட்டையின் மேல் அவளைக் கிடத்தி, அப்பன் தலைமாட்டிலும் அத்தை கால்மாட்டிலும் வெறும் தகரத்தில் உட்கார்ந்தார்கள். வேலுத்தாய் காய்ச்சல்காரி மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் கன்னங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தவசி, ஆஸ்பத்திரி மேக்க, மேக்க போ," என்றார் பரமகுரு.

வண்டி மேட்டில் ஏறித் தடால் என்று இறங்கியது.

"அய்யோ, மேக்க டாக்டர் இல்லியாம், கெழக்க வா."

பின்பக்கமாகவே வந்து தடால்.

"கெழக்க ரோடு தோண்டிக் கெடக்கு. மேக்கயே போயிரு."

தடால், தடால், தடால். கொண்டல்சாமியின் நாக்குச் சுவர் முதல் குலுக்கலிலேயே இடிந்தது, சொர்ணத்தாயுடையது இரண்டாவதில். அண்ணன் வாயில் இரண்டும் முட்டி மோதி மேலண்ணத்தில் ஏறி இறங்கின, தங்கச்சி வாயில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து புரண்டன. வண்டி நின்றபோது கொண்டல்சாமி வலது கன்னத்தில் விரலை வைத்தார், எடுத்தார், இடது கன்னத்தில் வைத்தார், எடுத்தார், தங்கச்சி முகத்தைப் பார்த்தார். அவளும் அதே மாதிரி விரலை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். தாங்கள் யார் பக்கம் என்பது அந்தக் கமர்கட்டுகளுக்கும் மறந்துவிட்டது. யாருக்காக வீம்பு பிடிக்கிறோம் என்று தெரியாதவன் எத்தனை நேரம்தான் பிடிப்பான்? இரண்டும் ஒன்றாக இளகி, ஒன்றாகக் கரைந்து, ஒன்றாகத் தொண்டையில் இறங்கின.

கொண்டல்சாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்பா கமர்கட்டு மாதிரியே இருந்துச்சு, சொர்ணம்."

"ஆமாண்ணே." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "எது?"

"தெரியலியே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. காரணம் தெரிந்ததும் ஒவ்வொருவரும் நான் நீ என்று குட்டியானையில் ஏறினார்கள். தேர் பார்க்கப் போகிற மாதிரி பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்கள், கிழவர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினார்கள், சங்கிலியைக் கழற்ற வேண்டி வருமே என்று பெண்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறினார்கள். ரயில் வருகிற நேரமெல்லாம் பரமகுரு கேட்டைச் சாத்தி நிறுத்துவார், போனதும் திறப்பார், தவசி மறுபடி ஓட்டுவான். ஊர் முழுக்கக் குலுங்கி முடிவதற்குள் பேச்சுச் சத்தம் மழை விட்ட பிறகு கத்துகிற தவளைச் சத்தம் மாதிரி எழும்பிவிட்டது.

முகூர்த்தக்கால் தயாராக நின்றது. சம்மதம் சொல்ல இரண்டு பெரியவர்களும் வாயெடுத்தபோதுதான் பரமகுரு, "இருங்க அண்ணாச்சி, பொண்ணு வாயைப் பாருங்க," என்றார்.

வேலுத்தாயின் வாய் இன்னும் காலியாகவில்லை. அவளுக்கு ஊட்டியது அப்பன் கையும் அத்தை கையும் அல்லவா, அந்தக் கைக்காரர்களின் வீம்பு வடிந்ததும் அவள் வாயில் இருந்ததும் இளகத் தொடங்கியிருந்தது. ஆனால் நார் மூட்டையின் மேல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததால் அவளுடையது மட்டும் கலையவில்லை. வலது வலதாகவும் இடது இடதாகவும் இருந்து, ஒன்று முன்னால் போய், ஒன்று மட்டும் நின்றது. எது போனது, எது நின்றது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும் அதை அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் உருட்டத் தொடங்கினாள்.

வடிந்த வீம்பு அண்ணன் தங்கச்சி இருவர் முகத்திலும் மறுபடி ஊறியதை ஊரே பார்த்தது. அண்ணன் தோற்றால் மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கே நடப்பார், தங்கச்சி தோற்றால் மகனைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடப்பாள், முகூர்த்தக்காலை எடுத்துக்கொண்டு போய் விறகாகத்தான் எரிக்க வேண்டும். தவசி வண்டிச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றான்.

"உருட்டாத தாயி. உள்ள நிக்கிறது யாருது?" என்றார் கொண்டல்சாமி.

அவள் தோளைக் குலுக்கினாள்.

"சரி, கடி. கடக்குன்னு கேட்டா என்னுது. கேக்கலைன்னா உங்க அத்தையோடது."

"கடிக்கட்டும், ஊரே கேக்கட்டும்," என்றாள் சொர்ணத்தாய். "நாங்க ரெண்டு பேரும் சொல்லித்தான் கடிக்கா, குத்தமில்ல."

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், ஆட்டின் கழுத்துமணியைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். கல்லுக்காரர்கள் வலது காதையும் ஜவ்வுக்காரர்கள் இடது காதையும் அவள் பக்கம் திருப்பினார்கள். வேலுத்தாய் ஒற்றை விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள். அவிழாத கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், பிள்ளைக்குத்தான் எவ்வளவு பக்தி என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அதற்குள் கேட்டில் மணி அடித்தது. பரமகுரு போய்க் கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடியை விரித்தார். ரெட்டவேம்பில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் தூரத்து வளைவில் திரும்பி, வழி நெடுகக் கூவிக்கொண்டு, கூவிக்கொண்டு, பெருத்துக்கொண்டு வந்தது. அவள் அது வருகிற திசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்தாள். என்ஜின் கேட்டைத் தொட்டு ஊரே அதிர ஊளையிட்ட அந்த நொடியில், வாயில் இருந்ததைக் கடித்தாள்.

கடைசிப் பெட்டியும் தடதடத்துப் போய், புழுதி அடங்கி, ஊர் மறுபடி காதைத் தீட்டிக்கொண்டு திரும்பியபோது, வேலுத்தாய் மென்று விழுங்கி முடித்திருந்தாள். அப்பனுக்கு ஒருமுறை, அத்தைக்கு ஒருமுறை வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள். பிறகு அத்தனை நாளுக்கும் சேர்த்து நறுக்கென்று பேசினாள்:

"வாய் காலி. ரெண்டு பேரும் சொல்லுங்க."